முந்திக்கொண்ட ஆமென்

பொழுது சாயத் தொடங்கினால் ஆனந்த்ராஜ் கால் முகம் கழுவி, வெளுத்த வேட்டிக்கு மாறி, வீட்டின் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அரசுப் பேருந்துகளில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற நாள்முதல் இந்த வழக்கத்தில் பிசகு நேர்ந்ததில்லை. அறையில் ஒரு கோரைப்பாய். முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. அதன்மேல் ஓரம் கறுத்த வேதாகமம். கம்பி போட்ட சின்னச் சன்னல் வழியே பக்கத்து வீட்டுத் தாளிப்பின் வாசனையும், நத்தம் சாலையில் திரும்பும் பேருந்துகளின் சத்தமும் உள்ளே வந்து, அறையின் இருட்டில் மெல்ல அமிழ்ந்துபோகும். அவர் பாயில் முழந்தாளிட்டு, சபை மக்கள் ஒவ்வொருவரின் பெயரையும் குறையையும் வாய்விட்டுச் சொல்லி ஜெபிப்பார். கடைசியில் ஆமென் என்பார். சொன்னபின் சற்று நேரம் அசையாமல் இருப்பார், அனுப்பிய சொல் போய்ச் சேரட்டும் என்று காத்திருப்பவரைப் போல.

அந்த ஆவணி மாலையிலும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. "இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே" என்று முடித்து, கடைசிச் சொல்லுக்காக மூச்சை இழுத்தார்.

"ஆமென்."

அவர் இன்னும் சொல்லவில்லை.

மெலிந்த, கரகரப்பான, அவசரமான ஒரு பெண்குரல். அறைக்கு வெளியிலிருந்து வந்ததல்ல அது. காதருகே இருந்து வந்தது என்றுகூடச் சொல்ல முடியாத அளவுக்கு அத்தனை பக்கத்தில் இருந்தது. ஆனந்த்ராஜ் எழுந்து கதவைத் திறந்தார். அடுப்படியில் மனைவி பொன்னழகு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏ, பொன்னழகு. நீ ஆமென் சொன்னியா?"

"நானா? எனக்கு இங்க கண்ணெல்லாம் எரியுது. நீங்க செபம் பண்றது யாரு காதுல விழுது?" என்றார் அவர், முகத்தைப் புறங்கையால் துடைத்தபடி. "விழுந்தாலும் சொல்லமாட்டேன். ஆமென் போடுறதுக்கு உங்க ஒரு வாயி பத்தாதாக்கும்?"

அந்தக் கேலிக்குள் இருந்த முள் அவருக்குத் தைத்தது. உள்ளே திரும்பினார். குரல் யாருடையது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

ஆனந்த்ராஜ் போகும் சபை, நத்தம் சாலையோரத்தில் பழைய கடலைக் கிடங்கு ஒன்றில் கூடுகிறது. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் சுவர்களிலிருந்து கடலைத் தூசியின் மணம் போவதில்லை. அந்தச் சபைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பாட்டும் துதியும் உச்சத்தில் இருக்கும்போது யாருக்கேனும் தீர்க்கதரிசன வார்த்தை வரலாம்; வந்தவர் எழுந்து உரைக்கலாம். உரைத்து முடித்ததும் கூடம் அடங்கிவிடும். எல்லோரும் சோதித்தறியும் மூப்பரைப் பார்ப்பார்கள். அவர் எழுந்து ஆமென் என்றால் அது கர்த்தருடைய வார்த்தை. சபை முழுதும் அதை ஏற்று ஆமென் சொல்லும். அவர் எழாமல் உட்கார்ந்திருந்தால் அது மனிதப் பேச்சு. பிறகு யாரும் அதை எடுக்கமாட்டார்கள். எழுதிக் கொடுத்தால் செல்லாது, தலையசைத்தால் செல்லாது. வாயால் சொன்ன ஆமென் ஒன்றுதான் செல்லும்.

அந்த மூப்பர் பொறுப்பை ஆனந்த்ராஜுக்குக் கொடுத்தவர் சபையை நிறுவிய போதகர் செழியன். "பஸ்ஸுல டிக்கெட்டைச் சோதிச்சவரு, இங்க ஆவியைச் சோதிக்கட்டும்" என்று ஒலிபெருக்கியில் சொல்லிச் சிரித்தார். ஆனந்த்ராஜும் தொடக்கத்தில் நேர்மையாகத்தான் சோதித்தார். சின்னாளப்பட்டி அழகர் எழுந்து, பாடகர் குழுவின் ஜீவிதாவைக் கர்த்தர் தனக்கென்று குறித்து வைத்திருப்பதாக உரைத்தபோது அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "ஏலே அழகரு, கர்த்தர் என்ன கல்யாணத் தரகரா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்க, கிடங்கே குலுங்கியது.

ஆனால் போதகர் செழியன் உரைத்த எந்த வார்த்தைக்கும் ஆனந்த்ராஜ் உட்கார்ந்ததில்லை. தன்னை நிறுத்தியவரை எப்படி நிறுத்துவது? ஒவ்வொரு முறையும் எழுந்தார். ஒவ்வொரு முறையும் ஆமென் என்றார்.

சாணார்பட்டிப் பக்கத்துச் சிவனம்மாளுக்கும் அப்படித்தான் சொன்னார்.

அவள் சர்க்கரை நோய்க்காரி. இன்சுலின் குப்பியை ஈரமணல் போட்ட சிறு பானையில் புதைத்து வைத்துக் காப்பாற்றி வந்தவள். பெண்கள் பக்கத்தில் முதல் பாய் அவளுடையது. ஜெபிப்பவர் முடிப்பதற்கு முன்பே ஆமென் சொல்லிவிடும் அவசரம் அவளுக்கு. "சிவனம்மா, அதுக்குள்ள முடிச்சுட்டியே" என்று கேட்டால், "நீங்க நிதானமா முடிங்க. எனக்குப் பஸ்ஸு போயிரும்ல" என்பாள். ஒரு மாலை, போதகர் மேடையிலிருந்து அவளை நோக்கிக் கையை நீட்டி, "மகளே, உன் ஊசிகள் இன்றோடு முடிந்தன என்று கர்த்தர் உரைக்கிறார்" என்றார். கூடம் அடங்கியது. ஆனந்த்ராஜின் வயிற்றுக்குள் ஈரத்துணியைப் போட்டதுபோல் ஒரு குளிர்ச்சி பரவியது. அது என்னவென்று அவருக்குத் தெரியும். பல வருடங்களாக அந்தக் குளிர்ச்சியை நம்பித்தான் அவர் சோதித்து வந்தார். ஆனால் கீபோர்டில் ராபின் ஏற்கெனவே சுருதியை உயர்த்திக்கொண்டிருந்தான். அத்தனை முகங்களும் அவரையே பார்த்தன. அவர் எழுந்து சொன்னார்.

அன்றோடு ஊசியை நிறுத்திய அவளை மாதம் திரும்புமுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்கப்போன ஆனந்த்ராஜ் கட்டிலருகே குனிந்தபோது, அவள் மூச்சில் அழுகத் தொடங்கிய சிறுமலை வாழைப்பழத்தின் இனிப்பு வாடை அடித்தது. மறுநாள் இறந்துபோனாள். அடக்கத்தின்போது போதகர், "சகோதரியின் விசுவாசம் கடைசியில் தளர்ந்துவிட்டது" என்றார். சொல்லிவிட்டு ஆனந்த்ராஜைப் பார்த்தார். குழிமேட்டில், அவளுடைய ஒரே மகள் தமிழ்மதிக்கு எதிரே நின்று, அதற்கும் ஆனந்த்ராஜ் ஆமென் என்றார்.

இப்போது அந்தக் குரல் ஒவ்வொரு மாலையும் முந்திக்கொண்டது.

முதலில் ஜெபத்தின் கடைசியில் மட்டும் வந்தது. பிறகு நடுவிலேயே வரத் தொடங்கியது. அவர் ஒருவர் பெயரைச் சொல்லி, அவருடைய குறையைச் சொல்வதற்குள் ஆமென் என்றது. அறைக்குள் வாழைப்பழ வாடை நின்றது. சன்னலைத் திறந்து வைத்தாலும், ஊதுவத்தி கொளுத்தினாலும், அது பாயின் கோரைக்குள்ளும் வேதாகமத்தின் ஏடுகளுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டு, அவர் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் முகத்தில் மோதியது. "பழம் வாங்கி எங்கிட்டாச்சும் வச்சு மறந்துட்டீகளா?" என்று கேட்ட பொன்னழகு, பெட்டியை நகர்த்திப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல. ஆனா குமட்டுது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். மாலை நேரங்களில் ஆனந்த்ராஜின் நிழல் சுவரில் விழும்போது, அவர் தலை குனிவதற்குச் சற்று முன்பே நிழலின் தலை குனிவதாகப்பட்டது. விளக்கை அணைத்துவிட்டு ஜெபித்துப் பார்த்தார். இருட்டில் குரல் இன்னும் தெளிவாக இருந்தது.

ஆவி எதுவானாலும் சோதித்தறிய வேண்டும் என்பது வேதம் சொல்லும் முறை. அதைத் தாம் செய்யாமல் விட்டதனால்தான் இது வந்திருக்கிறது என்று ஒரு மாலை அவருக்குத் தோன்றியது. செய்துவிடலாம். முழந்தாளிட்டார்.

"உன்னைக் கேட்கிறேன். இயேசு கிறிஸ்து மாம்சத்தில் வந்தார் என்று அறிக்கை செய்கிறாயா?"

"ஆமென்."

அப்படி அறிக்கை செய்யும் ஆவி தேவனுடையது என்கிறது வேதம்; அவர் நெஞ்சு இளகியது. கண்ணில் நீர்கூட வந்தது. ஆனால் சீட்டு இருந்தால் மட்டும் போதாது, எந்த நிறுத்தத்தில் ஏறினாய் என்றும் கேட்பது அவருடைய பழைய தொழிலின் புத்தி.

"நீ தேவனிடத்திலிருந்து வந்தாயா?"

"ஆமென்."

"பிசாசிடத்திலிருந்து வந்தாயா?"

"ஆமென்."

அதே குரல். அதே அவசரம். அதே மகிழ்ச்சி.

"நீ சிவனம்மாளா?"

"ஆமென்."

"சிவனம்மாள் இல்லையா?"

"ஆமென்."

ஓர் ஊரில் பாழுங்கிணறு ஒன்று இருந்ததாம். வழக்கு உள்ளவர்கள் அதனிடம் போய், தம் பக்கத்தைச் சொல்லிவிட்டு, "நியாயம்தானே?" என்று கத்துவார்கள். கிணறும் "தானே" என்று சொல்லும். எதிராளியும் அன்றைக்கே போய்க் கேட்பான். அவனுக்கும் அது "தானே" என்னும். ஊரில் எல்லோரும் நியாயவான்கள் ஆனார்கள். ஒருவரையொருவர் வெட்டிக் கிணற்றுக்குள் தள்ளி மாண்டார்கள். அதற்குப் பிறகும் கிணறு யார் வந்தாலும் "தானே" என்று சொல்லிக்கொண்டே இருந்ததாம், தனக்குள் கிடந்தவர்களைப் பற்றி ஒன்றும் அறியாமல். ஆனந்த்ராஜுக்கு எதிரே அந்த மாலையில் அப்படி ஒரு கிணறு வாய் பிளந்திருந்தது. அதைப் பார்த்துவிட வேண்டும் என்று அவர் இருட்டில் கைகளை நீட்டித் துழாவினார். சுவர். பெட்டி. பாய். யாருமில்லை. தளர்ந்த கை தன்னையறியாமல் கழுத்துக்கு வந்தது.

"நீ எங்கே இருக்கிறாய்?" என்றார்.

"ஆமென்."

விரல்களுக்கு அடியில் அவருடைய குரல்வளை துடித்தது.

மறுநாள் நண்பகலில் தமிழ்மதி வந்தாள். நூற்பாலையில் வேலை பார்க்கும் பெண். தலைமுடியில் பஞ்சுத் துகள்கள் ஒட்டியிருந்தன. பள்ளியில் படித்த காலம்தொட்டே அவளுக்கு வலிப்பு நோய். மாத்திரை ஒரு வேளை தவறினாலும் ஆபத்து என்று மருத்துவர் சொல்லியிருப்பதைச் சபையில் எல்லோரும் அறிவார்கள். ஓடும் இயந்திரங்களுக்கு நடுவில் நின்று பிழைக்கிறவள் அவள்.

"பெரியப்பா, வாற சனிக்கிழமை சாயங்காலக் கூட்டத்துல என் மாத்திரையை மேடையில வச்சிரப்போறேன்" என்றாள். "போதகருக்கு என்னைப் பத்தி வார்த்தை வந்துருச்சாம்."

ஆனந்த்ராஜ் மறுப்பாகத் தலையை வேகமாக அசைத்தார்.

"நீங்க பயப்படுறது தெரியுது. ஆனா எங்கம்மா விசுவாசம் இல்லாமச் செத்தான்னு ஊரு பூரா பேசுது பெரியப்பா. மில்லுல கூட வேலை பாக்குற பிள்ளைக கேக்குதுக. நான் பொழச்சுக் காட்டுனாத்தான் அந்தப் பேச்சு மாறும்." முடியிலிருந்து ஒரு பஞ்சுத் துகளைப் பிய்த்தெடுத்தாள். "நீங்க ஆமென் சொல்லுவீகள்ல?"

வேண்டாம்மா. அந்த ஒரு சொல்தான். அதை நாக்கின்மேல் ஏற்றி, பல்லுக்குப் பின்னால் நிறுத்தி, முழு வலுவோடு வெளியே தள்ளினார்.

"ஆமென்."

இந்த முறை அது அவருடைய சொந்தக் குரல். கனமான, நிதானமான குரல். கடலைக் கிடங்கில் எத்தனையோ பேர் நம்பிய குரல்.

தமிழ்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள். "போதும் பெரியப்பா. நீங்க சொல்லுவீகளா மாட்டீகளான்னுதான் இம்புட்டு நாளும் எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு." சிரித்தபடி படியிறங்கிப் போனாள். அவர் வாசல்வரை ஓடினார். கூப்பிட வாய் திறந்தார். ஆமென். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து வேறு எந்தச் சொல்லும் அவர் வாயிலிருந்து வரவில்லை. பொன்னழகு முதலில் பரிகாசம் என்று நினைத்தார். பிறகு அவருடைய கண்களைப் பார்த்தார். மாத்திரையை நிறுத்தவேண்டாம் என்று ஆனந்த்ராஜ் எழுதிக் காட்டியதை வாசித்ததும், செருப்பை மாட்டிக்கொண்டு தமிழ்மதி தங்கியிருந்த அறைக்குப் போனார். பொழுது மங்கிய பிறகு திரும்பி வந்து படியிலேயே உட்கார்ந்தார்.

"காலுல விழாத கொறையாச் சொல்லிப் பாத்துட்டேன். எழுதுனதையும் காட்டுனேன். 'எழுதுறது சபையில செல்லாது பெரியம்மா, பெரியப்பா வாயாலேயே சொல்லிட்டாரு'ங்குது." செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். "யாரு அந்தப் புள்ளைக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது? நீங்கதானே? உங்க வாயிதானே வேதம்னு ஊரையே நம்ப வச்சீக?"

"ஆமென்" என்றார் ஆனந்த்ராஜ். அழுதுகொண்டே.

சனிக்கிழமை சிறுமலைப் பக்கம் கறுத்து, மழை வராமல் புழுங்கிக் கிடந்தது. கிடங்கு நிறைந்திருந்தது. தகரக் கூரைக்குக் கீழே வியர்வையும் மல்லிகையும் கடலைத் தூசியும் ஒன்றாகக் கலந்து, மூச்சிழுக்கும்போதெல்லாம் தொண்டையில் ஒட்டின. குழல்விளக்குகளைச் சுற்றி ஈசல் மொய்த்தது. ஆனந்த்ராஜ் தம் இடத்தில் உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு. எழப்போவதில்லை. என்ன ஆனாலும் எழப்போவதில்லை. உட்கார்ந்தே இருந்தால் போதும். அது மனிதப் பேச்சாகிவிடும். பாயைக் கைகளால் பற்றிக்கொண்டார்.

தமிழ்மதி நடந்துபோய் மேடையின் ஓரத்தில் மாத்திரை அட்டைகளை வைத்தாள். அங்கேயே, தன் தாய் உட்கார்ந்து வந்த முதல் பாயில், முழந்தாளிட்டாள். போதகர் செழியன் அவள் தலைக்கு மேல் கையை நீட்டினார்.

"மகளே, உன் நரம்புகளை நான் தொட்டேன் என்று கர்த்தர் உரைக்கிறார். இனி இந்த மருந்து உனக்கு வேண்டியதில்லை."

கூடம் அடங்கியது.

ராபினின் விரல்கள் ஒரே சுருதியில் நின்றன. முகங்கள் திரும்பின. எல்லா முகங்களும்.

ஆனந்த்ராஜ் உதடுகளை இறுக்கினார். பல்லைக் கடித்தார். அடிவயிற்றிலிருந்து அது ஏறியது. வாந்தி ஏறுவதுபோல. நெஞ்சுக்கு வந்தது. தொண்டைக்கு வந்தது. முழங்கால்கள் தாமாக நிமிர்ந்தன. எழுந்து நின்றுவிட்டார். துண்டை இழுத்தார். வாய்க்குள் திணித்தார். மேலும் திணித்தார். கண்கள் பிதுங்கின.

"ஆமென்."

துணிக்கு உள்ளிருந்து.

"ஆமென்!" என்றது சபை. கைகள் உயர்ந்தன. கண்கள் மூடின.

அவர் நடந்தார். பாய்களை மிதித்து, மடிகளைத் தாண்டி. ஆண்கள் போகாத பெண்கள் பக்கத்துக்குள். மேடையோரம் குனிந்தார். மாத்திரை அட்டைகளை அள்ளினார். "மூப்பரே!" என்றார் போதகர். அவர் திரும்பவில்லை. முதல் பாயின் முன் மண்டியிட்டார். அட்டையைக் கிழித்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினார். தமிழ்மதியின் கையை இழுத்து, உள்ளங்கையில் வைத்து, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். அட்டைகளை அவள் மடியில் போட்டார். தம் இரு கைகளையும் கூப்பினார்.

அவள் கோபத்தோடு நிமிர்ந்தாள். அப்போது துண்டுக்கு உள்ளிருந்து அது மறுபடி வந்தது. மெலிந்து. கரகரத்து. அவசரமாக.

தமிழ்மதியின் முகத்தில் இரத்தம் வற்றியது.

"அம்மா?"

"ஆமென். ஆமென். ஆமென்."

அவள் அவருடைய வாயையே பார்த்தாள். துணி திணித்த, கோணிக்கொண்ட, கிழவரின் வாயை. பிறகு கூப்பிய கைகளைப் பார்த்தாள். மடங்கிய விரல்களைத் திறந்து, மாத்திரையை நாக்கில் போட்டு, தண்ணீர் இல்லாமல் விழுங்கினாள். அது தொண்டையில் இறங்குவதை ஆனந்த்ராஜ் கண்ணால் கண்டார்.

கீபோர்டு நின்றது. ராபின் கைகளை எடுத்துவிட்டிருந்தான். சபை நிற்கவில்லை. மூடிய கண்களோடு, உயர்த்திய கைகளோடு, சொல்லிக்கொண்டே இருந்தது.

"போதும்" என்றார் போதகர் செழியன் ஒலிபெருக்கியில்.

"ஆமென்."

"நிறுத்துங்க! போதும்னு சொல்றேன்ல?"

"ஆமென்."

தமது ஊழியத்தில் முதல்முறையாகப் போதகர் ஒன்றைச் சோதித்துக் கேட்டார். "இது யாரோட சத்தம்?"

"ஆமென்."

ஆண்களின் வாயிலிருந்தும், முதியவர்களின் வாயிலிருந்தும், மடியில் கிடந்த குழந்தைகளின் வாயிலிருந்தும் அந்த ஒரே பெண்ணின் குரல் வந்தது. போதகரின் உதடுகளும் பிரிந்தன. அவர் வாயைப் பொத்திக்கொள்ளக் கையை உயர்த்தினார். எட்டவில்லை. முந்திக்கொண்டது.

தமிழ்மதி மாத்திரை அட்டைகளை மாரோடு அணைத்துக்கொண்டு, திறந்த வாய்களுக்கு நடுவே வழி பார்த்து வாசலை நோக்கி ஓடினாள். மன்னித்துவிடு என்று கேட்க ஆனந்த்ராஜிடம் சொல் இல்லை. அவள் மண்டியிட்டிருந்த பாயின்மேல் நெற்றியை வைத்து, துண்டை இரு கைகளாலும் வாய்க்குள் இன்னும் ஆழமாக அழுத்திக்கொண்டார்.